அளவு ரவிக்கை

எங்கள் ஊர்ப் பக்கத்தில் தையற்கடைக்குப் போகும் பெண்கள் பெரும்பாலும் உடலை அளக்கக் கொடுப்பதில்லை. நன்றாகப் பொருந்திய பழைய ரவிக்கை ஒன்றைப் புதுத்துணிக்குள் சுருட்டிக் கொடுத்துவிடுவார்கள். அதற்கு அளவு ஜாக்கெட் என்று பெயர். கடைக்காரர் அதை மேசைமேல் விரித்து, உயரம், தோள், கழுத்து இறக்கம், கைச்சுற்று என்று வரிசையாக அளந்து நோட்டில் குறித்துக்கொள்வார். யாரும் யாரையும் தொட வேண்டியதில்லை. மயிலாடுதுறையில் எங்கள் வீட்டு அலமாரியிலும் அப்படி ஒரு ரவிக்கை பல வருடங்கள் இருந்தது. வெளிர்நீல டூ பை டூ துணி. அம்மா தன் ரவிக்கைகளைத் தானே தைத்துக்கொள்பவள் என்றாலும் அவளும் அதை வைத்துத்தான் வெட்டுவாள். பக்கவாட்டில் கால் அங்குல இடைவெளியில் மூன்று தையல்கள் ஓடும். உடம்பு போட்டால் ஒன்றைப் பிரித்துவிடலாம், இளைத்தால் மறுபடி பிடிக்கலாம். எந்த வருடம் உடம்பு போட்டது, எந்த வருடம் மஞ்சள்காமாலையில் இளைத்தது என்பதை அந்த ஊசித் தடங்களை வைத்தே அம்மா சொல்லிவிடுவாள்.

நாங்கள் அக்காவும் தங்கையுமாக இருவர். எங்கள் பாவாடை சட்டை, பள்ளிச் சீருடை, தலையணை உறை எல்லாம் அம்மாவின் கறுப்பு உஷா மிஷினில் தைத்தவைதான். உறவில் எங்கே குழந்தை பிறந்தாலும் அவள் கொண்டுபோகும் பரிசு, பழம்புடவையின் மெல்லிய பகுதியில் தைத்த ஜபலாக்கள். நாங்கள் மட்டும் கற்றுக்கொள்ளவில்லை. அருகில் போனால் ஊசி முறிந்துவிடும் என்று விரட்டுவாள். பிறகு படிப்பு, வேலை என்று ஆளுக்கொரு ஊராகப் பிரிந்துவிட்டோம். கடைகளில் எல்லாம் தைத்தே கிடைக்கும்போது தையலைக் கற்பது நேரக்கேடு என்றே நினைத்திருந்தோம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

2019இல் அம்மாவுக்கு வலது மார்பகத்தையும் அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் அறுவை செய்து அகற்றினார்கள். சில நாட்கள் கழித்து, "இன்னிக்குத் தையல் பிரிச்சிடலாம்" என்று செவிலியர் வந்து சொன்னபோது அம்மா சிரித்துவிட்டாள். எத்தனை தையல் பிரித்த கை அது! தையல் என்ற சொல்லுக்குத் தமிழில் பெண் என்றும் பொருளுண்டு. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் வைத்தீஸ்வரன்கோயிலில், நோய் தீர்க்கும் வைத்தியநாதரோடு இருப்பவள் தையல்நாயகி. வீடு திரும்பியதும் அங்கே போக வேண்டும் என்று அம்மா ஆஸ்பத்திரியிலேயே வேண்டிக்கொண்டிருந்தாள்.

ஆனால் வீடு திரும்பிய அம்மா வாசலுக்குக்கூட வரவில்லை. நைட்டிமேல் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு உள்ளறையிலேயே இருந்தாள். பழைய ரவிக்கைகள் இடப்புறம் சரியாக இருந்தன, வலப்புறம் சரிந்து தொங்கின. முடிச்சுகளை எடுத்ததாலும் கதிர்ச் சிகிச்சையாலும் வலக்கை மாலையில் வீங்கும், அப்போது ரவிக்கையின் கை இறுக்கிப் பிடித்துச் சிவந்த கோடு விழும். கடையில் வாங்கிய செயற்கை மார்பு சித்திரை வெயிலில் கனத்து வியர்த்தது. வலக்கைக்கு அதிக வேலை கொடுக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால், கத்தரிக்கோல் பிடிக்கவும் சக்கரம் சுற்றவும் வழியில்லை. கோயிலுக்கு எப்போது போகலாம் என்று கேட்டால், "போவோம், போவோம்" என்பாள். தெருவில் இருக்கும் தையற்காரரிடம் கேட்கலாம் என்றபோது மட்டும் குரல் உயர்ந்தது. "என்னன்னு சொல்லி அளவு குடுக்கறது?"

அப்படித்தான் நாங்கள் மிஷினைத் திறந்தோம். ஆளுக்கொரு வாரமாக விடுப்பெடுத்து வந்தோம், சனி ஞாயிறுகளில் இருவரும் சேர்ந்து இருந்தோம். அம்மா கட்டிலில் சாய்ந்தபடி சொல்வாள், நாங்கள் செய்வோம். முதல் நாள் நூலே கோக்க விடவில்லை. செய்தித்தாளில் கோடு போட்டு, வெறும் ஊசியால் அந்தக் கோட்டின்மேல் ஓட்டச் சொன்னாள். மிதியைத் தவறாக மிதித்தால் சக்கரம் பின்பக்கம் சுழன்று நூல் அறுந்துவிடும். மேல்நூல் தட்டுகளுக்கு நடுவே உட்காராவிட்டால் துணியின் அடியில் நூல் உருண்டையாகத் திரளும். அடியில் கோளாறு தெரிந்தால் மேலே பார்க்க வேண்டும் என்பது எங்களுக்குப் புரியவே இரண்டு நாள் ஆயிற்று. அதற்குள் பாபினை ஐம்பது தடவை கழற்றி மாட்டியிருப்போம்.

முதலில் உருப்படியாக முடிந்தது ஒரு சிறு தலையணை. அறுவை செய்த பக்கத்து அக்குளில் இடுக்கிக்கொண்டால் கையின் பாரம் தழும்பில் இழுக்காது என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். இலவம்பஞ்சு அடைத்து, அம்மாவின் பழம்புடவையில் உறை தைத்துக் கொடுத்தோம். "ஓரம் கோணல்" என்றாள். அன்றிரவு அதை வைத்துக்கொண்டு தூங்கினாள்.

அந்தத் தெம்பில் ரவிக்கைக்குத் துணிந்தோம். அப்போது காந்தி சொன்ன ஒன்றை அடிக்கடி பேசிக்கொண்டோம். இயந்திரங்களைப் பற்றி அவ்வளவு ஐயம் கொண்டிருந்தவர் தையல் இயந்திரத்துக்கு விலக்கு அளித்தார். 1924இல் 'யங் இந்தியா'வில் வெளிவந்த உரையாடல் ஒன்றில், கையால் தைத்து அலுக்கும் மனைவியைக் கண்டு இரங்கி சிங்கர் அதைச் செய்தார், அதன் பின்னால் அன்பு இருக்கிறது என்ற பொருளில் பேசுகிறார். உண்மை வரலாறு அவ்வளவு இனிமையாக இல்லை. ஐசக் சிங்கர் காப்புரிமை பெற்றது 1851இல். அதற்கு முன் 1846இலேயே காப்புரிமை பெற்றிருந்த எலியாஸ் ஹோவ் அவர்மேல் வழக்குத் தொடுத்துப் பணம் வாங்கினார். சிங்கர் ஒரே காலத்தில் பல குடும்பங்கள் நடத்தியவர், பிள்ளைகள் இருபதுக்கும் மேல். ஆனாலும் காந்தியின் கதைதான் எங்களுக்குப் பிடித்திருந்தது. அன்பால் தைக்கிறோம், சரியாகத்தான் வரும் என்று நம்பினோம்.

சரியாக வரவில்லை. வெளிர்நீல அளவு ரவிக்கையை விரித்து, அதன் கோட்டிலேயே சாக்குக்கட்டி ஓட்டி, வெட்டி, டாட் பிடித்து, ஹூக் பட்டி வைத்து, இரண்டு வாரம் உழைத்து முடித்தோம். அம்மா போட்டுப் பார்த்தாள். பழைய ரவிக்கைகள் தொங்கிய இடத்தில் இதுவும் தொங்கியது, இறுக்கிய இடத்தில் இதுவும் இறுக்கியது. நாங்கள் தைத்திருந்தது அறுவைக்கு முந்தைய அம்மாவுக்கு. அவளை அளந்து பார்க்க எங்களுக்குத் தைரியம் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அவள் உடை மாற்றும்போது நாங்கள் வெளியே போய்விடுவோம். அவளுடைய கூச்சத்துக்கு மரியாதை கொடுப்பதாக எங்களுக்கு நாங்களே சொல்லிக்கொண்டோம். உண்மையில் பயந்தது நாங்கள்தான்.

அம்மா ரவிக்கையைக் கழற்றி மடித்து வைத்தாள். "டேப்பை எடுத்துண்டு வாங்கடி" என்றாள். கதவைச் சாத்தச் சொன்னாள். விளக்கைப் போடச் சொன்னாள். பிறகு துண்டை எடுத்துவிட்டு நின்றாள்.

அந்தத் தழும்பை அன்றுதான் முதன்முதலாக முழுதாகப் பார்த்தோம். மார்பின் நடுவிலிருந்து அக்குள்வரை சாய்வாக ஓடும் ஒரு கோடு. சுற்றிலும் தோல் கறுத்திருந்தது. எங்களில் ஒருத்தி அளந்தாள், ஒருத்தி எழுதினாள். நடுமார்பிலிருந்து பக்கத் தையல்வரை இடப்புறம் பத்து, வலப்புறம் எட்டரை. கைச்சுற்று இடப்புறம் பதினொன்று, வலப்புறம் பன்னிரண்டரை. "சாயங்காலம் இன்னும் வீங்கும், பதிமூணுன்னு போட்டுக்கோ" என்றாள். டேப் தழும்பின்மேல் பட்டபோது கை நின்றுவிட்டது. "வலிக்காது, அங்க மரத்துப்போயிருக்கு. சரியா அளடி" என்றாள் அம்மா. அழக்கூட நேரமில்லை. எண்ணைத் தப்பாக எழுதினால் துணி வீண்.

அதற்குப் பின் வேலை வேகமாக நடந்தது. இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் தனித்தனியாகக் காகிதத்தில் வெட்டிக்கொண்டோம். கை தூக்கச் சிரமம் என்பதால் முன்பக்க ஹூக்தான். வலக்கையின் சுற்றில் தாராளமாகத் தளர்வு விட்டோம். லைனிங் துணியை நனைத்து உலர்த்தியபின் வெட்டினோம், துவைத்தபின் சுருங்கி இழுக்காமல் இருக்க. அக்குளில் உள்தையலின் முரட்டு ஓரம் தோலில் உராயாதபடி லைனிங்கின் உள்ளே மறைத்தோம். வலப்புறம் லைனிங்கில் வாய் திறந்த ஒரு பை வைத்து, இலவம்பஞ்சு அடைத்த துணி மெத்தை ஒன்று செய்து அதில் செருகினோம். பஞ்சு இலேசாக இருந்ததால் மேலே ஏறியது. அம்மா யோசித்து, அடியில் சிறு முடிச்சாகக் கடுகு வைக்கச் சொன்னாள். கனம் சரியாயிற்று. துவைக்கும்போது மெத்தையை எடுத்துவிடலாம், கடுகையும் அவ்வப்போது மாற்றிக்கொள்ளலாம். மெத்தைக்கு உறை வேண்டியிருந்தது. துவைத்துத் துவைத்து மென்மையான துணியாக இருக்க வேண்டும். அம்மா அந்த வெளிர்நீல ரவிக்கையை எடுத்து எங்களிடம் கொடுத்தாள். நாங்கள் தயங்கினோம். "இனிமே அது யாருக்கு அளவு?" என்றாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் போனோம். அரக்குப் பட்டு, அதற்கேற்ற ரவிக்கை. கழுத்துப் பட்டி ஓரிடத்தில் சுருங்கியிருந்தது எங்களுக்குத் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். பேருந்திலோ சந்நிதியிலோ யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. வேறெதுவும் நாங்கள் வேண்டிக்கொள்ளவில்லை. வாசல் கடையில் காணிக்கைக்காகக் கண், கை, கால் என்று உடலுறுப்புத் தகடுகள் விற்றார்கள். அம்மா அவற்றைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கைத்தகடு ஒன்றை எடுத்தாள். "வீக்கம் குறைஞ்சா போதும். மத்ததுக்குத்தான் நீங்க தைச்சாச்சே" என்றாள்.

அளவுகள் எழுதிய நோட்டு மிஷின் பெட்டியில் இருக்கிறது. ஒவ்வொரு தீபாவளிக்கு முன்பும் கதவைச் சாத்திக்கொண்டு புதிதாக அளந்து, பழைய எண்களுக்குக் கீழே தேதியோடு எழுதுகிறோம். கைச்சுற்று சில வருடம் குறைகிறது, சில வருடம் கூடுகிறது. கழுத்துப் பட்டி இப்போது சுருங்குவதில்லை. தோள் இன்னும் சரியாக விழவில்லை என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறாள்.