நூர் பாயின் தில்லியில்

காஷ்மீரி கேட் மெட்ரோவிலிருந்து வெளியே வந்தால் பேருந்து நிலையத்தின் இரைச்சல் காதை அடைக்கிறது. அதைத் தாண்டி நடந்தால் குத்ஸியா பாக். 1748 வாக்கில் ஊதம் பாய் அமைத்த தோட்டம். மொகலாயப் பேரரசர் முகமது ஷாவின் அரண்மனைக்கு நடனப் பெண்ணாக வந்து, அவருடைய மனைவியானவர். மகன் அகமது ஷா அரியணை ஏறியதும் குத்ஸியா பேகம் என்ற பட்டத்தோடு ஆட்சியைத் தன் கையில் வைத்திருந்தார். அன்று யமுனை இந்தத் தோட்டத்தை ஒட்டி ஓடியது. 1857 போரில் மாளிகை சிதைந்துபோக, மிஞ்சியவை ஒரு பெரிய வாசல், ஒரு மசூதி, சில மண்டபங்கள். வாசலின் சுதைப் பூக்களை அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றேன்.

மொகலாயப் பேரரசு சரிந்ததற்கு இவரையும், இவருக்கு முன் பேரரசர் ஜகாந்தர் ஷாவின் காதலியாக இருந்த பாடகி லால் குன்வரையும் குற்றம் சொன்ன வரலாற்றாசிரியர்கள் பலர். நான் அதை ஏற்கவில்லை. பிரபுக்களின் பதவிச் சண்டையும் நாதிர் ஷாவின் படையெடுப்பும் உடைத்த அரசுக்கு, பாடிய பெண்களைப் பொறுப்பாக்குவது அநியாயம்.

அத்தகைய பெண்களின் இசை எப்படி மதிக்கப்பட்டது என்பதற்குச் சாட்சி இருக்கிறது. தக்காணத்திலிருந்து நிஜாமோடு வந்த தர்கா குலி கான், 1738 முதல் 1741 வரை தில்லியில் கண்டதையும் கேட்டதையும் பாரசீகத்தில் எழுதிவைத்தார். ‘முரக்கா-எ-தில்லி’ என்ற அந்த நூலில் பாடகி நூர் பாய் யானைமேல் வருகிறார். கட்டியக்காரர்கள் முன்னே செல்கிறார்கள். பிரபுக்கள் அவரை வரவேற்கவும் வழியனுப்பவும் நகைகளைப் பரிசளிக்கிறார்கள். இசைக் கலைஞர் சதாரங்கின் கயால் என்ற பாட்டு வகை தில்லியை ஆண்ட காலம் அது.

ஐரோப்பாவில் அப்போது பரோக் இசையின் காலம். வெனிஸில் பியேத்தா என்ற ஆதரவற்றோர் இல்லத்துப் பெண்களுக்காக விவால்டி இசை எழுதினார். அவருடைய புல்லாங்குழல் கான்செர்டோ ஒன்றின் பெயரே ‘மாபெரும் மொகலாயர்’! அந்தப் பெண்கள் கம்பித் தட்டிக்குப் பின்னால் மறைந்து நின்றுதான் பாடவும் வாசிக்கவும் முடிந்தது. அவர்களுக்கும் முன்பே, 1625-இல், ஃபிளாரன்ஸில் பிரான்செஸ்கா கச்சினி என்ற பெண் ஓர் ஆப்பெராவையே இயற்றி அரங்கேற்றியிருந்தார். நம் தஞ்சையில், மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் முத்துப்பழனி என்ற பெண் தெலுங்கில் ‘ராதிகா சாந்த்வனம்’ எழுதியதும் பதினெட்டாம் நூற்றாண்டில்தான். அதை 1910-இல் பெங்களூர் நாகரத்தினம்மாள் பதிப்பித்தபோது ஆபாசம் என்று அரசு தடை போட்டது. தடை நீங்க 1947 வரை ஆயிற்று. தில்லியானாலும் தஞ்சையானாலும், பாடும் பெண்ணின் கலையை விட்டுவிட்டு அவள் ஒழுக்கத்தையே விசாரித்திருக்கிறார்கள்.

காஷ்மீரி கேட்டிலிருந்து மெட்ரோவின் மஞ்சள் தடத்தில் இரண்டு நிலையம் தள்ளி சாவ்ரி பஜார். மேலே ஏறி வந்தால் ஹவுஸ் காஜி சந்திப்பு. கல்யாணப் பத்திரிகைக் கடைகள், பித்தளைச் சாமான்கள், குழாய்கள், சுமை ரிக்‌ஷாக்கள். ஒரு காலத்தில் இந்தத் தெருவின் மாடிகளில் தவாயிஃப்கள் என்ற ஆடல் பாடல் கலைஞர்கள் இருந்தார்கள். கஜலும் தும்ரியும் கேட்க மட்டுமல்ல, சபையில் பேசும் முறையைக் கற்கவும் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகள் அவர்களிடம் போனார்கள்.

சந்திப்பின் அருகிலேயே முபாரக் பேகம் மசூதி. கீழே கடைகள், மேலே தொழுகையிடம், செங்கல் நிறக் கும்மட்டங்கள். புனேயிலிருந்து வந்த முபாரக் பேகம் ஆடல் பாடல் தொழிலிலிருந்து ஆங்கிலேய ரெசிடென்ட் ஆக்டர்லோனியின் துணைவியானவர். 1823-இல் இதைக் கட்டினார். அவர் பெயரைச் சொல்லாமல் ஒரு வசைச் சொல்லால் இந்த மசூதியைக் குறிப்பிடும் வழக்கம் ஊரில் வெகுகாலம் இருந்தது. 2020 ஜூலை மழையில் நடுக் கும்மட்டம் இடிந்து விழுந்தது. படிக்கட்டருகே நின்றபோது எனக்குக் கோபமே வந்தது. தன் பணத்தில் இறைவனுக்கு வீடு கட்டியவருக்கு ஊர் கொடுத்த பெயரா அது?

கயால் வரலாற்றைச் சொல்லித்தரும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: சதாரங்கின் பெயரைச் சொல்லும் அதே வகுப்பில் நூர் பாயின் பெயரையும் சொல்லுங்கள். தில்லி செல்லும் வாசகர்கள் செங்கோட்டையோடு திரும்பிவிடாமல் சாவ்ரி பஜாரில் இறங்கி, முபாரக் பேகம் மசூதிக்கு வழி கேளுங்கள். அவருடைய பெயரைச் சொல்லியே கேளுங்கள்.