ஆச்சரியத்தில் வாய் திறக்கும்போது



எதிர்பாராத ஒரு செய்தியைக் கேட்டவுடன் நம் வாயிலிருந்து புறப்படும் முதல் வார்த்தை நாம் யோசித்துச் சொல்லும் வார்த்தை அல்ல. ஊரில் இருந்தவரை அது "ஐயோ" என்றும் "அம்மாடி" என்றும் "அடேயப்பா" என்றும் வந்தது. பிழைப்புக்காக மும்பைக்கும் பெங்களூருக்கும் டெல்லிக்கும் வந்து குடியேறிய பிறகு வேறு சத்தங்கள் நம் காதில் விழுகின்றன. "ரியலி?" "நோ வே!" "ஆர் யூ கிட்டிங்?" "ஓ மை காட்!" அலுவலகத்தில் கேட்கிறோம், லிஃப்டில் கேட்கிறோம், பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்கையில் கேட்கிறோம். சில மாதங்களில் அவை நம் பிள்ளைகளின் வாயிலும், பிறகு நம் வாயிலும் குடியேறிவிடுகின்றன. அவற்றின் பொருளை மட்டும் யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. ஆகவே இந்த மாதம் அவற்றைக் குறித்து உங்களோடு பேச விரும்புகிறேன்.

"அப்படியா?" என்பதற்கு ஆங்கிலம் என்ன?

தமிழில் "அப்படியா?" என்னும் ஒரே சொல் எல்லா இடத்துக்கும் போதும். அண்ணன் துபாய்க்குப் போனார் என்றாலும் "அப்படியா?", தங்கைக்கு வேலை கிடைத்தது என்றாலும் "அப்படியா?" ஆகையால் ஆங்கிலம் பேசும்போது நம்மவர்கள் அதை அப்படியே "இஸ் இட்?" என்று மாற்றிக்கொள்ளுகிறார்கள். இந்தியாவில் இது எல்லாருக்கும் புரியும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ இருப்பவரோடு தொலைபேசியில் பேசுகிற வேலை உங்களுக்கு இருந்தால், அங்கே கேள்வி முன்சொன்ன வாக்கியத்தை ஒட்டியே வரும் என்பதை அறிந்திருப்பது நல்லது. "ஹி வென்ட் டு துபாய்" என்றால் பதில் "டிட் ஹி?" "ஷி ஹாஸ் காட் எ ஜாப்" என்றால் "ஹாஸ் ஷி?" "தே ஆர் கமிங் டுமாரோ" என்றால் "ஆர் தே?" இது கடினமாகத் தோன்றினால் "ரியலி?" என்று சொல்லுங்கள். அது எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

எனினும் "ரியலி?" என்பதிலும் குரலைக் கவனிக்க வேண்டும். குரல் மேலே ஏறி முடிந்தால், "மேலும் சொல்லுங்கள், கேட்க ஆவலாயிருக்கிறேன்" என்று பொருள். குரல் கீழே இறங்கித் தட்டையாக முடிந்தால், "உன் பேச்சை நான் நம்பவில்லை" என்றோ "எனக்கு இதில் அக்கறையில்லை" என்றோ பொருள்பட்டுவிடும். "சீரியஸ்லி?" என்பதும் அப்படியே. பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை தாயிடம் தட்டையான குரலில் "சீரியஸ்லி?" என்று கேட்கும்போது, ஆங்கிலம் அறியாத அந்தத் தாய்க்கும் அதிலுள்ள அலட்சியம் விளங்கிவிடுகிறது. சொல்லுக்கு அகராதி தேவைப்படலாம், குரலுக்குத் தேவையில்லை.

வேறு சில சொற்கள் நேர்ப்பொருளில் கடுமையானவை. "ஷட் அப்!" என்றால் வாயை மூடு. "கெட் அவுட் ஆஃப் ஹியர்!" என்றால் இங்கிருந்து போய்விடு. அமெரிக்க வழக்கில் நண்பர்கள் தங்களுக்குள் நம்ப முடியாத நற்செய்தியைக் கேட்டால் இவற்றையே சிரித்துக்கொண்டு சொல்லுவார்கள். அப்படி யாராவது உங்களிடம் சொன்னால் மனம் நோகாதேயுங்கள். ஆனால் மேலதிகாரியிடமோ மூத்தவரிடமோ நீங்கள் இவற்றைச் சொல்லத் துணியாதேயுங்கள்.

ஒரு சிறு சொல்லின் வித்தியாசம்

எங்கள் சபையில் ஒரு சகோதரி மூன்று வீடுகளில் சமையல் வேலை செய்கிறார். கணவரை இழந்தவர். தம்முடைய மகளுக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தியைத் தாம் வேலை செய்யும் வீட்டு அம்மாவிடம் முதலாவதாகச் சொன்னார். அந்த அம்மா கண்களை அகல விரித்து, "ஐ டோன்ட் பிலீவ் இட்!" என்றார்கள். ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகள் பாடும் ஆங்கிலப் பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு, "பிலீவ்" என்றால் விசுவாசிப்பது என்று இந்தச் சகோதரிக்குத் தெரியும். அதற்குமேல் தெரியாது. இரண்டு நாள் அவர் அந்த வீட்டுக்கு வேலைக்குப் போகவில்லை.

உபவாச ஜெபம் முடிந்தபின் என்னிடம் வந்து, "நான் பொய் சொல்றேன்னு அந்த அம்மா சொல்லிட்டாங்க, பாஸ்டர் ஐயா. ஏழைன்னா பிள்ளையப் படிக்க வைக்கக் கூடாதா?" என்று அழுதார்.

நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "அம்மா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. கடைசியில் அவங்க 'யூ' என்று சொன்னாங்களா, 'இட்' என்று சொன்னாங்களா?"

சற்று யோசித்து, "'இட்'டுன்னுதான் ஐயா சொன்னாங்க" என்றார்.

"ஐ டோன்ட் பிலீவ் யூ" என்றால், "நீ சொல்வதை நான் நம்பவில்லை, நீ பொய் சொல்லுகிறாய்" என்று பொருள். "ஐ டோன்ட் பிலீவ் இட்!" என்றோ "ஐ கான்ட் பிலீவ் இட்!" என்றோ வியப்போடு சொன்னால், "நம்பவே முடியவில்லையே, எவ்வளவு பெரிய காரியம்!" என்று பொருள். முன்னது ஆளைக் குற்றப்படுத்துகிறது. பின்னது செய்தியைக் கொண்டாடுகிறது. மறுநாள் காலை அவர் வேலைக்குப் போனார். அந்த வீட்டில் அவருடைய மகளுக்காக வாங்கி வைத்த புதிய துணி இரண்டு நாளாகக் காத்திருந்தது.

பிரியமானவர்களே, வேதத்திலும் இவ்விரண்டு வகையையும் காண்கிறோம். லூக்கா முதலாம் அதிகாரத்தில் சகரியாவும் மரியாளும் காபிரியேல் தூதனிடம் ஒவ்வொரு கேள்வி கேட்டார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் சகரியாவின் கேள்வி சொன்னவரையே சந்தேகித்தது, அவன் ஊமையானான். மரியாளின் கேள்வி, நடக்கப்போவதை நம்பி, அது எவ்விதமாகும் என்று வியந்தது. அவளுக்கு விளக்கம் கிடைத்தது. அதே சுவிசேஷத்தின் 24-ஆம் அதிகாரத்தில், உயிர்த்தெழுந்த ஆண்டவர் தங்கள் நடுவே நிற்கக் கண்ட சீஷர்கள் மகிழ்ச்சி மிகுதியாலேயே நம்ப முடியாமல் நின்றார்கள். "ஐ கான்ட் பிலீவ் இட்!" என்னும் நிலை அதுதான். அவர் அவர்களைத் தள்ளிவிடவில்லை. உண்பதற்கு ஏதாகிலும் உண்டோ என்று விசாரித்து, அவர்களுக்கு முன்பாக உண்டார்.

அப்போஸ்தலர் 12-ஆம் அதிகாரத்தில் ரோதை என்னும் பெண்ணோ, பேதுரு வாசலில் நிற்கிறார் என்று ஓடிவந்து சொன்னாள். பேதுருவுக்காக ஜெபித்துக்கொண்டிருந்தவர்களே அவளுக்குப் பைத்தியம் என்றார்கள். "ஆர் யூ கிரேஸி?" என்று இன்று நம் பிள்ளைகள் கேட்பதும் இதுவே. வீட்டு வேலைக்காரப் பெண் சொன்னது உண்மையாயிருந்தது, ஜெபித்தவர்கள்தான் நம்பவில்லை. வியப்பு வரும்போது செய்தியைக் கண்டு வியப்போம்; செய்தி கொண்டுவந்தவரைச் சிறுமைப்படுத்தாதிருப்போம்.

"ஓ மை காட்" என்று சொல்லலாமா?

வாலிபர் கூட்டங்களில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. இது இந்தத் தலைமுறையில் தோன்றிய பழக்கம் என்று பெரியவர்கள் எண்ணுகிறார்கள். அப்படியல்ல. "ஓ.எம்.ஜி." என்னும் சுருக்கமே 1917-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி ஜான் ஃபிஷர், வின்ஸ்டன் சர்ச்சிலுக்கு எழுதிய கடிதத்தில் காணப்படுகிறது. 2011-இல் அது ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் இடம்பெற்றது.

அதற்கும் வெகுகாலத்துக்கு முன்னரே இங்கிலாந்தில் இந்தக் காரியம் சட்டசபைவரை போயிற்று. வேதாகமத்தின் புகழ்பெற்ற 1611-ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்த ஜேம்ஸ் அரசனின் காலத்திலேயே, 1606-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. நாடக மேடையில் தேவனுடைய நாமத்தையோ கிறிஸ்துவின் நாமத்தையோ விளையாட்டாகவும் அவபக்தியாகவும் உச்சரித்தால் 10 பவுண்டு அபராதம்.

ஆனால் மனிதன் வழி கண்டுபிடிக்கிறவன். நாமத்தைச் சொல்லக் கூசியவர்கள் அதைச் சற்றுத் திரித்துச் சொன்னார்கள். "காஷ்", "காலி" என்பவை "காட்" என்பதன் திரிபுகள். "ஜீ" என்பது "ஜீஸஸ்" என்னும் நாமத்தின் குறுக்கம். "கிரைக்கி" என்பது "கிரைஸ்ட்" என்பதன் திரிபு. "ப்ளைமி" என்பதோ, தேவன் என்னைக் குருடாக்கக்கடவர் என்று தன்மேல் தானே இட்டுக்கொள்ளும் சாபத்தின் குறுக்கம்! கார்ட்டூன் பார்த்து இவற்றைச் சொல்லும் குழந்தைக்கு இது ஒன்றும் தெரியாது. ஆகையால் அடிக்க வேண்டாம். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்ற கதையைச் சொல்லிக் கொடுங்கள். கதை தெரிந்தபின் பிள்ளைகள் தாங்களாகவே யோசிப்பார்கள்.

அப்படியானால் எது சரி? நான் வாலிபருக்குச் சொல்லும் அளவுகோல் இதுவே. வீட்டில் மகனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள். அவன் வேலையை விட்டுவிட்டு வந்து, "என்னம்மா?" என்று நிற்கிறான். "ஒன்றுமில்லை, சும்மா கூப்பிட்டேன்" என்கிறீர்கள். ஒரு நாளில் நாற்பது முறை இப்படிச் செய்தால் அவன் மனம் என்னவாகும்? தேவனுடைய நாமத்தைச் சொன்ன பிறகு அவரிடம் சொல்ல உங்களுக்கு ஏதாவது உண்டா? விபத்துச் செய்தி கேட்டு "என் தேவனே!" என்று உள்ளம் கதறினால் அது ஜெபம். கடையில் செருப்பின் விலையைக் கேட்டு "ஓ மை காட்!" என்றால், அங்கே கூப்பிடப்பட்டவருக்கு ஒரு வேலையும் இல்லை. பத்துக் கட்டளைகளில் மூன்றாவது இதைத்தான் தடுக்கிறது.

இந்த அளவுகோலை ஆங்கிலத்துக்கு மட்டும் வைப்பது நியாயமல்ல. பிரசங்கத்தில் அடுத்த வாக்கியம் நினைவுக்கு வராதபோது இடைவெளியை நிரப்பச் சொல்லப்படும் "ஸ்தோத்திரம்", "அல்லேலூயா" ஆகியவற்றுக்கும் அதே அளவுதான். தமிழிலும் நாமம் வெறுமையாகலாம்.

அலுவலகத்தில் உடன் வேலை செய்பவர் "ஓ மை காட்" என்றால் அங்கே அவரைத் திருத்தப் போகாதேயுங்கள். அவர் நம் தேவனை அவமதிக்க எண்ணிச் சொல்லவில்லை. உங்கள் வாயைக் குறித்து மட்டும் கவனமாயிருங்கள். வியப்பைக் காட்ட வேறு நல்ல சொற்கள் ஏராளம். "வாட் எ சர்ப்ரைஸ்!" "தட்ஸ் வொண்டர்ஃபுல்!" "ஐ ஹாட் நோ ஐடியா!" துக்கச் செய்தியானால், "ஐ ஆம் ஸோ சாரி டு ஹியர் தட்." "வாவ்!" என்பதும் தாராளமாகச் சொல்லலாம், 16-ஆம் நூற்றாண்டு முதலே ஸ்காட்லாந்தில் வழங்கிய பழைய வியப்பொலி அது.

இந்த வாரம் குடும்ப ஜெபத்தின்போது பிள்ளைகளிடம் கேளுங்கள்: ஆச்சரியப்படும்போது நம் வீட்டில் யார் என்ன சொல்லுகிறோம்? அப்பா என்ன சொல்லுகிறார், அம்மா என்ன சொல்லுகிறார்? பிள்ளைகள் சரியாகச் சொல்லிவிடுவார்கள், சிரிப்பும் வரும். அதன்பின், அந்த வார்த்தை எதிரே இருப்பவரைப் பொய்யராக்குகிறதா, ஆண்டவருடைய நாமத்தை வெறுமையாக்குகிறதா என்று சேர்ந்து யோசியுங்கள்.

கர்த்தர் தாமே நம்முடைய நாவைக் காத்து, அவருடைய அதிசயங்களைக் கண்டு வியக்கும் இருதயத்தையும் நமக்குத் தருவாராக. ஆமென்.