கேள்வியின் பயன்

மருத்துவ ஆராய்ச்சி பற்றிய சொற்பொழிவுகள் சில வருந் திங்களிற் பல்கலைக்கழகத்தில் நிகழவிருக்கின்றன என்னும் அறிவிப்பு, எம் கல்லூரிப் பலகையில் ஒட்டப்பட்டுள்ளது. அதனைக் கண்ட நண்பரொருவர், “தமிழ் ஆனர்ஸ் மாணவர்க்கு அங்கே என்ன வேலை?” என வினவினார். அவர்க்கு விடையிறுத்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கேள்வி என்னுஞ் சொல் தமிழில் இருபொருள் உடைத்து. செவியாற் கேட்டறிதலும் கேள்வி. ஐயுற்று வினவுதலும் கேள்வி. கற்றார்க்கும் கல்லார்க்கும் உரியதெனக் கருதியன்றோ, வள்ளுவர் கல்வி, கல்லாமை என்னும் அதிகாரங்களின்பின் கேள்வியை வைத்தார்? அதன் பயனுக்கு ஒரு சான்று காட்டுவாம்.

1921ஆம் ஆண்டுக் கோடையில், கனடா நாட்டு டொராண்டோப் பல்கலைக்கழகத்தில், பான்டிங் என்னும் இளம் மருத்துவரும் பெஸ்ட் என்னும் மாணவரும் நாயின் கணையத்தினின்று ஒரு சாறு வடித்தனர். அது நீரிழிவுற்ற நாய்களின் குருதிச் சர்க்கரையைக் குறைத்தது. அவ்வாண்டு டிசம்பர் 30ஆம் நாள், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், உடலியலறிஞர் கூடிய அவையிற் பான்டிங் அதனை எடுத்துரைத்தார். அவர் நாவன்மை உடையரல்லர், உரை தடுமாறிற்று. அவையோர் கடாவிய வினாக்களோ கூரியன. அவருக்கு ஆய்வுக்கூடம் அளித்த பேராசிரியர் மக்லவுட் எழுந்து விடை கூற நேர்ந்தது. ஆயினும், எலி லில்லி மருந்து நிறுவனத்தின் ஆராய்ச்சித் தலைவராய் அங்கிருந்த க்ளோஸ் என்பார், உரையின் தளர்ச்சியை நோக்காது பொருளின் மெய்ம்மையை நோக்கினார். அம்மருந்தைப் பெருக்கிச் செய்தற்குத் துணைபுரிய முன்வந்தார்.

1922 ஜனவரி 11ஆம் நாள், லெனார்டு தாம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு அச்சாறு முதன்முறை செலுத்தப்பட்டது, பயன் சிறிதே. காலிப் என்னும் அறிஞர் அதனைத் தூய்மை செய்தபின், 23ஆம் நாள் மீண்டுஞ் செலுத்தியபோது பலித்தது. மே 3ஆம் நாள் வாஷிங்டனில் மக்லவுட் இதனை உரைக்க, அவையோர் எழுந்து நின்று கைகொட்டினர். அம்மருந்தே இன்சுலின்.

எம் ஆச்சி நாள்தோறும் உண்ணுமுன் அவ்வூசியை இட்டுக்கொள்கின்றார். விடுமுறை நாட்களில் இட்டுவிடுவது எம் பணி. “இது உள்ளே போய் என்னதான் செய்கிறது, ஐயா?” என்பது அவர் கேள்வி. குருதியிலுள்ள சர்க்கரை உடலின் நுண்ணறைகளுட் புகுதற்கு அது வழி திறக்கின்றது என்பேம். “திறப்பது எப்படி?” என அவர் மேலும் வினவுவார். அறிஞர் அவையில் எழத்தக்க வினா அது. எழுத்தறியாத நாவினின்றும் எழுகின்றது. அதற்கு விடை கேட்டு வந்து, அவர்க்கு விளங்குந் தமிழில் உரைத்தல் தமிழ் மாணவன் கடனன்றி வேறு யார் கடன்?

ஆதலின் நண்பர்காள், செல்வோம். பேசுவார் தடுமாறினும் பொறுத்துக் கேட்போம், விளங்காததை வினவுவோம், கேட்டதை வீட்டிலுள்ளார்க்கும் ஈவோம்.