ஓட்டமும் ஆட்டமும்

காற்பந்துத் திடலில் வெற்றியை ஈட்டித் தருவது காலின் திறம் மட்டுமன்று. மூச்சின் வலிமையும் ஆகும். ஆதலின், பயிற்சி முடிந்த பின்னரும் மாணவரைத் திடலைச் சுற்றி ஓடச் செய்யும் வழக்கம் பயிற்றுநர் பலரிடம் வேரூன்றியுள்ளது.

அவ்வழக்கம் முற்றும் பிழையன்று. 90 நிமிட ஆட்டத்தில் தேர்ந்த ஆட்டக்காரர் ஏறத்தாழ 10 கிலோமீட்டர் தொலைவைக் கடக்கிறார். ஆயினும், அதில் பெரும்பகுதி நடையும் மெல்லோட்டமுமே. ஆட்டத்தின் போக்கை மாற்றுவன, 2 முதல் 4 வினாடியே நீடிக்கும் விரைவோட்டங்கள். ஒரே சீராகத் திடலைச் சுற்றும் கால்கள் அவ்விரைவைக் கற்பதில்லை. 20 மீட்டர் பாய்ந்தோடித் திரும்பி, நடந்து மூச்சுவாங்கி, மீண்டும் பாயும் பயிற்சியே ஆட்டத்தோடு ஒத்தது. பந்தும் உடனிருப்பின் சலிப்புத் தோன்றாது.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. 12 முதல் 15 வயதுவரை எலும்புகள் விரைந்து வளர்கின்றன. அப்பருவத்தில் ஓய்வின்றி ஓடும் சிறுவர் சிலருக்கு முழங்காற் சில்லின் கீழே, தசைநாண் எலும்பைப் பற்றும் இடம் வீங்கி வலிக்கும். அவ்வலியைச் சோம்பல் எனக் கடிந்து மேலும் ஓடச் செய்தால், மாணவன் ஓர் ஆட்டத்தை மட்டும் இழப்பதில்லை. விளையாட்டின்மீது கொண்ட விருப்பையே இழந்துவிடக்கூடும்.

எனவே, கூடுதல் ஓட்டத்தை அளந்து கொடுப்பதோடு, ஓய்வையும் அளந்து கொடுப்பதே நல்ல பயிற்றுநரின் கடமையாகும்.