விலாசமும் ஒரு பாதுகாப்பே

ஜேர்மனியின் டோர்ட்முண்ட் நகரில் ஒன்றுவிட்ட அக்கா வீட்டில் ஆறு வாரங்கள் தங்கியிருந்தேன். அங்கே என்னை அதிகம் சிந்திக்க வைத்த இடம் நகரசபையின் பதிவு அலுவலகம். எமதூரில் வதிவிடச் சான்றிதழ் வேண்டுமென்றால் கிராம உத்தியோகத்தரிடம் போகிறோம். அநேகமாக அவருக்கு எமது குடும்பத்தையே தெரிந்திருக்கும். அங்கோ மாடிவீட்டு அயலவருக்கும் பெயர் தெரியாது. கையிலுள்ள கடதாசிதான் ஆளை அறிமுகப்படுத்துகிறது.

உள்நாட்டவரோ வெளிநாட்டவரோ, புதுவீட்டில் குடிபுகுந்தால் 2 வாரங்களுக்குள் விலாசத்தைப் பதியவேண்டும். கடவுச்சீட்டுடன், வீட்டுக்காரர் கையொப்பமிட்ட உறுதிக் கடிதமும் தேவை. 2015 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம் இக்கடிதத்தைக் கட்டாயமாக்கியது. என்னைப்போல் 3 மாதங்களுக்குள் திரும்பிவிடும் விருந்தாளிக்கு இக்கடமை இல்லை.

முதன்முறை பதிந்தவருக்கு வரி இலக்கம் தபாலில் அவ்விலாசத்துக்கே வரும். தபாற்பெட்டியில் அவர் பெயர் இல்லாவிட்டால் கடிதம் திரும்பிப் போய்விடும். வேலைக்கு அந்த இலக்கம் வேண்டும். வங்கிக் கணக்குக்கும் பதிவுத்தாளைக் கேட்பார்கள். ஆனால், விலாசப் பதிவு வேறு, வதிவிட அனுமதி வேறு. அனுமதி அட்டையை வழங்குவது வெளிநாட்டவர் அலுவலகம்.

இந்த வேறுபாடு ஏன் முக்கியம் என்பதை, அக்காவின் அயலில் வசித்த நம் நாட்டுப் பெண்ணொருத்தியால் உணர்ந்தேன். மணமாகி வந்து இரண்டு வருடங்கள். கணவனின் அடி தாங்கமுடியவில்லை. அவளது கடவுச்சீட்டு முதல் எல்லாமே அவனது அலுமாரியில் பூட்டப்பட்டிருந்தன.

“வெளியில போனா விசா போயிடும் எண்டு வெருட்டுறார் அக்கா. எங்க போய்ப் பதிஞ்சாலும் விலாசத்தைக் கண்டுபிடிச்சிடுவாராம்” என்று அழுதாள்.

இரண்டும் அவளை அடக்கிவைக்கும் பயமுறுத்தல்களே. கணவனுடன் அந்நாட்டில் 3 வருடங்கள் வாழ்ந்த மனைவிக்குப் பொதுவாகத் தனித்த வதிவிட உரிமை உண்டு. வன்முறைக்கு ஆளானவருக்கு அதற்கு முன்னரும் அவ்வுரிமை வழங்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆபத்திலுள்ள பெண், தன் விலாசத்தைப் பிறருக்கு வெளியிடாதபடி பதிவேட்டில் தடை கோரலாம். 116 016 என்ற தொலைபேசி இலக்கத்தில் இரவுபகலாக இலவச ஆலோசனையும் கிடைக்கிறது.

நானும் அக்காவும் அவளைப் பெண்கள் ஆலோசனை நிலையத்துக்கு அழைத்துச் சென்றோம். தான் சட்டவிரோதமாக இருக்கவில்லை என்று அங்கே கேட்டபோதுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

2007 முதல், கணவனிடம் செல்லும் பெண் பொதுவாக அடிப்படை ஜேர்மன் மொழிப் பரீட்சையில் சித்தியடையவேண்டும். அதற்கு வகுப்புகள் இருக்கின்றன. தன் பத்திரங்களைப் பற்றி யார் சொல்லிக்கொடுக்கிறார்கள்? மகளுக்குத் தாலிக்கொடி செய்யும் பெற்றோர் இதையும் செய்யுங்கள்: கடவுச்சீட்டை அவளே வைத்திருக்கச் சொல்லுங்கள், பிரதியொன்றை உங்களிடம் வைத்திருங்கள். போன இடத்தில் தன் பெயரில் வரும் ஒவ்வொரு கடிதத்தையும் அவளே திறந்து, விளங்கிக் கையொப்பமிடட்டும்.