குளிரும் மழையும் சாக்கல்ல

சீனாவின் ஹாங்சூ நகருக்கு உங்களைச் சற்று அழைத்துச் செல்கிறேன். 1344இல் நம் இலங்கைக்கு வந்து பாவா ஆதம் மலை ஏறிய இப்னு பதூதா, பின்னர் சீனா சென்றபோது, தாம் கண்ட நகரங்களிலெல்லாம் பெரியதென்று வியந்தது இந்த நகரத்தைத்தான். சீனாவின் மிகப் பழைய பள்ளிவாசல்களுள் ஒன்றான ஃபீனிக்ஸ் பள்ளிவாசல் இங்கேதான் இருக்கிறது. அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் மேற்கு ஏரி.

2018 டிசம்பரில், ஈவூ நகரில் வியாபாரம் செய்யும் நம் நாட்டுச் சகோதரர் ஒருவர் சுபஹுக்குப் பின் என்னை அந்த ஏரிக்கரைக்குக் கூட்டிப் போனார். தூறல் விடவில்லை. எலும்பைத் தொடும் ஈரக்குளிர். அந்த வேளையிலும் ஓடு வேய்ந்த மண்டபமொன்றில் முதியவர்கள் இருபது பேரளவில் கைகளை மெல்ல உயர்த்தித் தாழ்த்திக்கொண்டிருந்தார்கள். பாதிக்கு மேல் பெண்கள்.

"இதுதான் சிகோங். மூச்சோடு சேர்ந்த உடற்பயிற்சி" என்றார் சகோதரர். அவர்கள் செய்தது எட்டு அசைவுகள் கொண்ட பாதுவான்ஜின். சோங் அரச காலத்திலேயே அறியப்பட்ட முறை அது. சிகோங்கை வேற்று மத நம்பிக்கைகளோடு கலந்து செய்வோரும் உண்டு. அது நமக்கு வேண்டாம். மூச்சையும் அசைவையும் மட்டும் எடுத்துக்கொள்வோம்.

நானும் பின்னால் நின்று செய்து பார்த்தேன். பத்து நிமிடத்தில் பற்கள் கிடுகிடுத்தன. தடித்த பருத்தி ஜுப்பாவும் அதன்மேல் காற்றுப் புகாத பிளாஸ்டிக் மழை அங்கியும் அணிந்திருந்தேன். வேகமாக நடந்து வந்த வியர்வை உள்ளேயே தங்கி, ஜுப்பா நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது.

தலையை முக்காட்டால் மூடிய ஹுய் முஸ்லிம் மூதாட்டி ஒருவர் இதைக் கவனித்தார். என் உம்மாவின் வயதிருக்கும். அவர் சொன்னதைச் சகோதரர் மொழிபெயர்த்தார்: "மகனே, மழை உன்னை நனைக்கவில்லை, உன் உடுப்புத்தான் நனைத்தது."

அவர் உடுத்தியிருந்த விதத்தைக் கேளுங்கள். உடம்போடு மெல்லிய கம்பளி உள்ளாடை. அதன்மேல் தளர்வான பஞ்சு வைத்த சட்டை. எல்லாவற்றுக்கும் மேல், தண்ணீர் புகாத, இடுப்புக்குக் கீழ்வரை வரும் மேலங்கி. கழுத்து, மணிக்கட்டு, கணுக்கால் மூன்றும் மூடியிருந்தன. வழுக்காத ரப்பர் அடிச் சப்பாத்து. பையில் மாற்றுக் காலுறையும் ஒரு போத்தல் சுடுதண்ணீரும்.

காரணமும் சொன்னார். இது மெதுவான பயிற்சி. ஓடுபவருக்கு வரும் சூடு இதில் வராது. ஆகவே நடைக்கு உடுப்பதைவிட ஒரு அடுக்குக் கூட வேண்டும். பருத்தி நனைந்தால் சூட்டைக் காக்காது. கம்பளி நனைந்தாலும் ஓரளவு காக்கும். இரண்டு கைகளும் வேலை செய்வதால் குடை பிடிக்க முடியாது. கூரையின் கீழ் நிற்கவேண்டும். முடிந்ததும் ஈரத்தோடு நின்று கதைக்கக் கூடாது.

கால்நடைகளிலிருந்து நமக்குக் கிடைக்கும் கதகதப்பை ஸூரத்துன் நஹ்லின் 5ஆம் வசனத்தில் அல்லாஹ் தன் அருட்கொடையாக நினைவூட்டுகிறான். எத்தனையோ முறை ஓதிக்கொடுத்த வசனம். அன்றுதான் அதன் அருமை எனக்கு உறைத்தது.

சகோதரிகளே, அங்கே நின்றபோது என் கண் கலங்கியதற்குக் காரணம் குளிரல்ல. எங்கள் ஊர் பண்டாரவளை. ஐப்பசி, கார்த்திகை என்றால் மழையும் பனியும்தான். முன்பு உம்மா தினமும் காலையில் நடப்பார். "குளிரில் வெளியே போகாதீங்க உம்மா" என்று பாசத்தோடு தடுத்தவன் நான்தான். இரண்டே வருடத்தில், ஸுஜூதிலிருந்து எழ அவருக்குக் கதிரையின் துணை வேண்டியதாயிற்று. ஒரு கம்பளி உள்ளாடையும் நல்ல சப்பாத்தும் வாங்கிக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. இருந்துவிடுங்கள் என்று சொல்லத்தான் தோன்றியது.

ஊர் திரும்பும்போது அந்த இரண்டையும் வாங்கி வந்தேன். உம்மா இப்போது விறாந்தையில் கதிரையைப் பிடித்தபடி நாலு அசைவு செய்கிறார். முழங்கால் முன்போல் ஆகவில்லை. ஆனாலும் மழை நாளில் போர்வைக்குள் முடங்குவதில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

தளர்வாக, அடுக்கடுக்காக, உடம்பை மூடி உடுப்பது நம் பெண்களுக்குப் புதிதல்ல. குளிருக்கு ஏற்ற உடையும் அதுவேதான். அபாயாவின் விளிம்பு ஈரத்தில் இழுபடாமல் கணுக்காலளவில் நிற்கட்டும். உள்ளே நீண்ட காலுறை இருக்கட்டும். நோயுள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுத் தொடங்குங்கள்.

உங்கள் வீட்டிலும் வயதான உம்மா, மாமி இருப்பார்கள். குளிரென்று அவர்களை உட்கார வைக்காதீர்கள். உடுத்தி நடக்க வையுங்கள். அந்த உடம்பும் அல்லாஹ் தந்த அமானிதமல்லவா?