துணைக்கு யார்?

பெண்ணொருத்தி வாயிற்படி தாண்டினால், வீதி கேட்கும் முதற்கேள்வி "எங்கே போகிறாய்?" என்பதன்று, "துணைக்கு யார்?" என்பதே. முத்துப்பேட்டையிலிருந்து தஞ்சைக்கு, இருசக்கர வண்டியில், தனியே புறப்படுகிறோம் என்று நாம் சொன்னபோது வீட்டிலும் அதே கேள்விதான் எழுந்தது. "தம்பியையாவது அழைச்சுக்கிட்டுப் போ, கண்ணு" என்றார் அம்மா. தம்பிக்கு வயது பதினொன்று. பட்டம் பெற்று, பள்ளியிலே பாடம் நடத்தி, ஊதியம் ஈட்டும் தமக்கைக்கு, இரவிலே கொல்லைப்புறம் செல்லவே அஞ்சும் சிறுவன் காவல்! ஆண் என்ற ஒரே தகுதி போதுமாம்!

நாம் கிளம்பியது திருவிழாவுக்கன்று, திருமணத்துக்குமன்று. ஓவியர் ஒருவரின் அடிச்சுவட்டைத் தேடிக் கிளம்பினோம். மேரியான் நார்த் என்பது அவர் பெயர். 1830-இல் இங்கிலாந்தில் பிறந்தவர், மணம் செய்துகொள்ளாதவர். தந்தை 1869-இல் மறைந்தார். 1871-இல் பயணம் தொடங்கிய அந்த அம்மையார் அமெரிக்கா, ஜமைக்கா, பிரேசில், ஜப்பான், போர்னியோ, ஜாவா, இலங்கை என்று உலகை வலம் வந்தார். சென்ற இடமெல்லாம் செடியையும் மரத்தையும் அவை வளர்ந்த மண்ணிலேயே கண்டு, எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். போர்னியோவில் அவர் தீட்டிய குடுவைச் செடியின் படத்தைப் பார்த்த பிறகே, இப்படியும் ஒரு செடி உண்டோ என்று ஐரோப்பிய அறிஞர்கள் வியந்தனர். ஆள் அனுப்பித் தேடினர். 1881-இல் அவர் பெயரையே அதற்குச் சூட்டினர். இலண்டனை அடுத்த கியூ தாவரத் தோட்டத்தில், அவர் தம் பணத்தில் கட்டித் தந்த ஓவியக்கூடம் 1882-இல் திறக்கப்பட்டது. எண்ணூறுக்கு மேற்பட்ட ஓவியங்கள் இன்றும் அங்கே சுவரை மறைத்து நிற்கின்றன.

1877-இல் இந்தியாவுக்கு வந்த அவர் மதுரையையும் தஞ்சையையும் கண்டார். தாதுப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய காலம் அது. வயிறு ஒட்டிய மக்கள் செத்து விழுந்த நாட்டிலே, ஆளும் இனத்தைச் சேர்ந்த அம்மையார் அறிமுகக் கடிதங்களோடு பயணம் செய்தார் என்பதை மறைத்துப் புகழ்பாட நமக்கு மனமில்லை. அவருடைய தனிமைக்கு ஒரு பேரரசு துணை நின்றது. நம்முடைய தனிமைக்கு, ஓட்டுநர் உரிமமும் ஒரு தலைக்கவசமும்.

பட்டுக்கோட்டை கடந்து ஒரத்தநாடு சேர்ந்ததும் வண்டியை நிறுத்தினோம். இரண்டாம் சரபோஜி மன்னர் முத்தம்பாள் என்ற பெண்மணியின் பெயரால் எழுப்பிய சத்திரம் அங்கே இருக்கிறது. வழிப்போக்கர் தங்கும் சத்திரத்துக்குப் பெண்ணின் பெயர் பொருந்துகிறது. வழிப்போக்கராகப் பெண்ணே வந்தால்தான் ஊருக்குப் பொருந்தவில்லை!

தஞ்சையில் அந்நாளில் நீதிபதியாக இருந்தவர் பர்னல். அரண்மனை நூலகத்தின் வடமொழிச் சுவடிகளுக்கு அட்டவணை வகுத்த அறிஞர் அவர். இந்துக்கள் புனிதமென்று போற்றும் செடிகள் இவையிவை என்று அவர் எடுத்துச் சொல்ல, அம்மையார் அத்தகைய செடிகளையும் தீட்டினார். பெரிய கோயிலருகே ஒரு மரத்தடியில் அமர்ந்து இதை எண்ணிப் பார்த்தோம். வில்வம் எந்தக் கடவுளுக்கு உகந்தது என்று நம் வகுப்புப் பிள்ளைகளைக் கேட்டால், நாற்பது கைகள் உயரும். அது எலுமிச்சைக் குடும்பத்து மரம் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? மரத்தைச் சுற்றி வந்தவர்கள் நாம். மரத்தை உற்றுப் பார்த்தவர் அவர்.

அன்றிரவு தங்க அறை வேண்டும். முதல் விடுதியில் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் எழுத்தர். "கூட யாரும் வரலியாம்மா?" இல்லை என்றோம். "சிங்கிள் லேடீஸுக்கு ரூம் குடுக்குறதில்லீங்க." பலகையிலே காலி அறைகளின் சாவிகள் தொங்கிக்கொண்டிருந்தன. இரண்டாவது விடுதியில், கையெழுத்து வாங்கிக்கொண்டு சாவியைத் தந்தார்கள். கேள்வி ஏதுமில்லை. அந்த எழுத்தரும் ஆண்தான்.

மேரியான் நார்த்தை உலகைச் சுற்ற வைத்தது வீரம் மட்டுமா? வீரம் உண்டு, ஆனால் கப்பலுக்குச் சீட்டு வாங்கியது தந்தை விட்டுச்சென்ற செல்வம். மகள் கைக்குச் சொத்து வந்தது. மகள் காலுக்கு உலகம் வந்தது. இங்கோ, 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சமச் சொத்துரிமை வேண்டுமெனத் தீர்மானித்தது. தமிழ்நாட்டில் அது சட்டமாக 1989 வரை காத்திருந்தோம், அறுபது ஆண்டுகள்! இந்தியா முழுமைக்கும் 2005 ஆயிற்று. சட்டம் வந்த பின்னும், "அண்ணனுக்கு விட்டுக் கொடுத்துடும்மா" என்று பத்திரத்தை நீட்டிக் கையெழுத்து வாங்கும் காட்சியை நம் தெருவிலேயே கண்டிருக்கிறோம். விட்டுக் கொடுப்பவளுக்குக் கிடைப்பது பொங்கல் சீர். போவதோ வாழ்நாள் முழுவதற்குமான வழிச்செலவு.

திங்களன்று வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னோம். ஓவியரைப் பற்றிக் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தோம். "செலவு எவ்வளவு டீச்சர்?" என்றாள் ஒருத்தி. கரும்பலகையில் எழுதினோம்: பெட்ரோல் 400, அறை 700, உணவு 300, ஆக 1,400 ரூபாய். கடைசி வரிசைப் பெண்கள் அதைத் தம் ஏட்டில் குறித்துக்கொண்டார்கள். பிறகு இன்னொருத்தி எழுந்தாள்.

"அந்த ரெண்டாவது லாட்ஜ் பேரு என்ன டீச்சர்?"

அதையும் எழுதிப் போட்டோம்.